200-500 லென்ஸுக்கு எந்த ட்ரைபாட், எந்த ஹெட்?

மீன்கொத்தி:
நண்பர்களுக்கு வணக்கம். நிக்கான் டி500 கேமராவுடன் 200-500 மி.மீ. லென்ஸைப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3.2 கிலோ இருப்பதால், நெடுநேரம் கையில் பிடித்து எடுக்கத் தோள் ஒத்துழைப்பதில்லை. குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்திற்கும், கோடையில் கர்நாடகக் காட்டுப் பகுதியான கபினிக்கும் செல்வது வழக்கம். கடையில் 8 கிலோ தாங்கும் என்று குறிப்பிட்ட ட்ரைபாட் ஒன்றைப் பார்த்தேன். அது போதுமா? ட்ரைபாடின் மேல் பொருத்தும் ஹெட்டில், உருண்டை மூட்டில் எல்லாப் பக்கமும் சாயும் பால் ஹெட் போதுமா, லென்ஸைச் சமநிலையில் தாங்கி எளிதாகத் திருப்ப உதவும் கிம்பல் ஹெட் வாங்கத்தான் வேண்டுமா? பிற்பாடு பழைய 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் ஒன்று வாங்கும் எண்ணமும் உண்டு.

கூழைக்கடா:
அந்தக் கிலோக் கணக்கை நம்பி வாங்காதீர்கள். அதை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை கிடையாது. எவ்வளவு பாரத்தைச் சுமக்கும் என்று அது சொல்லலாம். அதிர்ந்தால் எவ்வளவு விரைவில் அடங்கும் என்று சொல்லாது. டி500-இல் 500 மி.மீ. என்பது முழுச்சட்டக் கேமராவில் 750 மி.மீ. தரும் பார்வைக் கோணம் என்பதால், காற்றில் கால் சற்று நடுங்கினாலும் படத்தில் தெரிந்துவிடும். மேல் குழாய் 32 மி.மீ. அளவில் தடித்ததாகவும், நடுத்தண்டு இல்லாததாகவும் உள்ள கார்பன் ஃபைபர் ட்ரைபாடைத் தேடுங்கள். உங்கள் லென்ஸைக் கடைக்கே எடுத்துச் சென்று மாட்டி, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) காட்சியை முழுமையாகப் பெரிதாக்கி, லென்ஸ் முகப்பில் உள்ள ஹூடை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் உடனே அடங்கினால் வாங்கலாம். கிம்பல் ஹெட் மேலும் ஒரு சாண் உயரம் தரும் என்பதால், ட்ரைபாட் உங்கள் தலை உயரத்திற்கு இருக்க வேண்டிய அவசியமில்லை.

பால் ஹெட்டில் இந்த எடையை வைத்துவிட்டுத் திருகைத் தளர்த்தினால், லென்ஸ் ஒரு பக்கமாகத் தொப்பென்று சாயும். விரல் நடுவில் சிக்கினால் நசுங்கும். பறக்கும் நாரையைத் தொடர்வதற்குக் கிம்பல்தான் சரி, ஆனால் அதைச் சமன் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. 200-500 லென்ஸின் குழல் ஜூம் செய்யும்போது முன்னே நீள்வதால், 200-இல் சமனாக நின்றது 500-இல் முன்பக்கம் கவிழப் பார்க்கும். நீங்கள் பெரும்பாலும் 500-இல்தான் எடுப்பீர்கள் என்பதால் அந்த நிலையிலேயே லென்ஸின் அடித்தட்டை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்யுங்கள். பிறகு முகப்பைச் சற்று மேலே தூக்கி, கையை லென்ஸுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு பிடியை விடுங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் சரி. மேலும் சாய்ந்துகொண்டே போனால் லென்ஸ் சுழல் அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், லென்ஸ் அமரும் மேடையை இறக்க வேண்டும். தானாகக் கிடைநிலைக்குத் திரும்பினால் ஏற்ற வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் கிம்பலைக் குறை சொல்பவர்களே அதிகம்.

செந்நாரை:
மேலே சொன்னது ஏரிக்கரைக்குப் பொருந்தும். கபினியில் அந்த ட்ரைபாட் அறையிலேயே கிடக்கும். ஜீப்பில் மூன்று கால்களை விரிக்க இடம் ஏது? கீழே இறங்கவும் அனுமதி இல்லை. முதலில் ஒரு பீன் பேக் (லென்ஸைச் சாய்த்து வைக்கும் தானியப் பை) வாங்குங்கள். விமானத்தில் போவதென்றால் காலியாக எடுத்துச் சென்று, போய்ச் சேர்ந்த ஊரில் அரிசியோ பயறோ நிரப்பிக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் மட்டும் அது ஊறிக் கெட்டுவிடும். வண்டியின் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். படகுச் சவாரிக்கு மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) நல்லது. இன்ஜின் ஓடும்போது லென்ஸைப் படகின் விளிம்பில் சாய்க்க வேண்டாம்.

600 வாங்கும்போது எந்தத் தலைமுறை என்று பார்த்து வாங்குங்கள். நிக்கானின் ஜி வரிசை விஆர் (அதிர்வுக் குறைப்பு வசதி) லென்ஸ் 5,060 கிராம். அதற்குப் பின் வந்த ஈ வரிசை 3,810 கிராம். பழையதன் விலை குறைவுதான், ஆனால் கேமராவுடன் 6 கிலோவை நெருங்கும்.

மீன்கொத்தி:
இருவருக்கும் மிக்க நன்றி. பீன் பேக்கை இப்போதே வாங்கிவிடுகிறேன். ட்ரைபாடில் வைக்கும்போது விஆரை அணைத்துவிட வேண்டுமா?

கூழைக்கடா:
கிம்பலின் திருகுகளைத் தளர்த்தி லென்ஸைக் கையால் திருப்பிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அப்போது விஆரை உங்கள் லென்ஸில் உள்ள ஸ்போர்ட் நிலையில் வைத்திருக்கலாம். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, கூட்டில் அசையாமல் அமர்ந்திருக்கும் பறவையை மெதுவான ஷட்டர் வேகத்தில் எடுப்பதானால், விஆர் போட்டு ஒன்றும் அணைத்து ஒன்றுமாக எடுத்து, இறகின் நுண்கோடுகளைப் பெரிதாக்கி ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.