மூடிப்போன கலர் கம்பெனி: உங்களுக்கும் நினைவிருக்கிறதா?

1990-ல் ஒரு கலர் கம்பெனியின், அதாவது பாட்டில் குளிர்பானக் கம்பெனியின், ராமநாதபுரம் டிப்போவில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதற்கு முன்னால் ராமேஸ்வரம் தீவுக்குக் கலர் பெட்டி போக வேண்டுமென்றால் ரயில்தான். எனக்கு லாரி கிடைத்தது. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். வாரத்தில் இரண்டு நாள் இந்த லைன். கம்பெனி பெயரை எழுதவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் போனதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து உப்புக் காற்றில் பாட்டில் மூடி தாங்காது. ஒரு பெட்டி கடையில் பத்து நாள் நின்றுவிட்டால் மூடியின் நெளிவுகளில் பழுப்பு ஏறிவிடும். திறந்தால் பாட்டில் வாயைச் சுற்றி வளையமாகத் துரு. உள்ளே இருப்பது நல்ல சரக்குதான், ஆனால் அந்தப் பாட்டிலை யார் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பார்கள்? பழைய முதலாளிக்கு இது தெரியும். “கடற்கரைக்குக் கொஞ்சமா ஏத்து, அடிக்கடி போ” என்பார். அரை லாரிதான் ஏறும், டீசல் காசு கையைக் கடிக்கும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அதையெல்லாம் ஈடுகட்டிவிடுவோம்.

அப்புறம் அவர் பிள்ளைகள் காலத்தில் கம்பெனி ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த நாட்களில் இது புதிதல்ல. 1993-ல் பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாம் கோகோ கோலாவுக்குப் போயின; தம்ஸ் அப் இன்றும் இருக்கிறது, கோல்ட் ஸ்பாட் போய்விட்டது. எங்களுடையது அவற்றோடு ஒப்பிட முடியாத சின்னக் கம்பெனி. புதிய நிர்வாகம் போட்ட முதல் உத்தரவு, முழு லாரி ஏறாமல் டிப்போவை விட்டு வண்டி கிளம்பக் கூடாது என்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் லைன் போக முடிந்தது. மூடிகள் துருப்பிடித்தன. கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், கம்பெனி எடுக்க மறுத்தது. துருப்பிடித்த நான்கு மூடிகளைக் காகிதத்தில் மடித்து வாராந்திர அறிக்கையோடு சென்னை ஆபீஸுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த மீட்டிங்கில், என் லைனில் விற்பனை பாதியாகிவிட்டது, லாபமில்லாத லைன் என்றார்கள். முதலில் லைனை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் ஆலையையே மூடினார்கள். எங்கள் கலரை ஜனங்கள் வேண்டாமென்று சொல்லவே இல்லை. அதை இங்கே பதிவு செய்ய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலி பாட்டிலுக்குக் கடைக்காரர்கள் டெபாசிட் கட்டியிருந்தார்கள். தங்கச்சிமடத்தில் ஒரு ஆத்தா, கடை வாசலில் 11 பெட்டிக் காலியை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “தம்பி, கம்பெனி மூஞ்சிய நான் பாத்தேனா? ஒன்னை நம்பித்தானப்பா காசு கட்டுனேன்” என்றார். செட்டில்மென்ட் பணம் வந்ததும் போய் அந்த ஆத்தா கணக்கை முடித்தேன். இன்னும் 14 கடைகள் பாக்கி. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

திருப்பாலைக்குடியிலிருந்து:

நான் வேலை பார்த்தது வெளியூரில் ஒரு பீர் ஆலையில். அதையும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கித்தான் மூடினார்கள். சட்டப்படி ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம். 11 வருடத்துக்கு 165 நாள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பணத்தைவிட எனக்கு நினைவில் நிற்பது கடைசி வாரம். பீர் ஒரே நாளில் ஆகிற சரக்கில்லை. நொதித்து, குளிர்ந்த டேங்கில் வாரக்கணக்கில் கிடந்துதான் பக்குவத்துக்கு வரும். மூடச் சொன்னபோது டேங்குகளில் பாதிப் பக்குவத்தில் சரக்கு நின்றது. கலால் அதிகாரியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சாக்கடையில் விடச் சொன்னார்கள். வால்வைத் திறந்தவன் நான்தான். நுரை முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. மறுநாள் காலையில், மால்ட் சக்கை வாங்க வழக்கமாக வரும் மாட்டுக்காரர்கள் கேட்டில் நின்றார்கள். அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, நீங்கள் பெயர் சொல்லாவிட்டாலும் எந்தக் கலர் என்று தெரிந்துவிட்டது. எங்கள் வாப்பா கடையில் அதுதான் அதிகம் ஓடும். கல்யாண வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் போகும். மரத்தூள் போட்டு வைத்த ஐஸ் கட்டியை உடைத்து டிரம்மில் கொட்டி, பாட்டில்களை அதில் புதைத்து வைப்போம். கை மரத்துப்போகும்.

2017 மார்ச் 1-லிருந்து பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன இல்லையா, அப்போது நாங்களும் அவற்றை எடுத்துவிட்டு பொவன்டோ அடுக்கினோம். பொவன்டோ போடுகிற காளிமார்க் 1916-ல் விருதுநகரில் தொடங்கியது, கம்பெனியை யாருக்கும் விற்காமல் தாக்குப்பிடித்தது. அந்த வாரம் ஒரு பெரியவர் கடைக்கு வந்து, “அப்ப நம்ம பழைய கலரும் வந்திருச்சா?” என்று பெயர் சொல்லிக் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரணில் அந்தப் பாட்டில் ஒன்று இருக்கிறது, கண்ணாடியில் பெயர் புடைத்து நிற்கும். வேண்டுமானால் தருகிறேன்.

முதலில் எழுதியவர்:

தம்பி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாட்டிலை எடுத்து வையுங்கள், கழுவ வேண்டாம். மூடி ஏதாவது கிடந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.