எந்தச் சாட்டிலைட்? பெயர் சொல்லுங்கள்

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
2026 மார்ச் 6 சனிப்பெயர்ச்சி நெருங்குகிறது அல்லவா, பழைய கதை மறுபடி கிளம்பிவிட்டது. நேற்று ராத்திரி கோயில் வாட்சாப் குழுவில் செந்தூல் சேகர் ஒரு தகவலைத் தட்டிவிட்டிருந்தார். திருநள்ளாறுக்கு மேலே வரும்போது எல்லாச் சாட்டிலைட்டுகளும் 3 விநாடி நின்றுவிடுகின்றனவாம். சனி கிரகத்திலிருந்து கருநீலக் கதிர்கள் கோயில்மேல் விழுவதுதான் காரணமாம். நாசாவே மிரண்டுபோய்விட்டதாம். கீழே வரிசையாகக் கும்பிடு.

நான் கேட்பது ஒன்றுதான். எந்தச் சாட்டிலைட்? பெயர் வேண்டும், ஏவிய நாடு வேண்டும். 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட் விநாடிக்கு ஏறக்குறைய 7.6 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. ஓட்டம் நின்றால் சாட்டிலைட் அங்கே நிற்காது ஐயா, விழும். சரி, நின்றது என்றே வைத்துக்கொள்வோம். 3 விநாடி கழித்து அதே வேகத்துக்கு அதைத் தள்ளிவிட்டது யார்? சனீஸ்வரனா, நாசாவா? பெயரைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

செந்தூல் சேகர்:
அண்ணே, குழுவில் போட்டதை இங்கே இழுத்து வந்து நாறடிப்பது நல்ல பண்பா? அங்கே நீங்கள் போட்ட சத்தத்தில்தான் உங்களை நீக்கினார்கள், அதையும் இங்கே எழுதியிருக்கலாமே. நாசா இதை மறுத்திருக்கிறதா? மறுப்பு இருந்தால் காட்டுங்கள். இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு எள் விளக்கு ஏற்றுங்கள், நல்லது நடக்கும்.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் நீக்கினார்கள். என் வீட்டு ரம்புத்தான் மரத்தில் பேய் இல்லை என்றும் நாசா இன்னும் அறிக்கை விடவில்லை, அதற்காகப் பூசாரியையா கூப்பிடுவது? எந்தச் சாட்டிலைட்?

நிலாப்பிரியை:
அண்ணாமலை அங்கிள் சொல்வது சரி. ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாட்டிலைட்டுகள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி தவறினாலே தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். 3 விநாடி என்றால் 9 லட்சம் கிலோமீட்டர். நிலாவே 3,84,000 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. கூகல் மேப் பார்த்து நளன் குளத்துக்குப் போகிறவர் நிலாவைத் தாண்டிப் போய்தான் குளிக்க வேண்டியிருக்கும்.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
அம்மா நிலா, நீ சொல்வது கடிகாரம் நிற்பதைப் பற்றி. சேகர் சொல்வது சாட்டிலைட் நிற்பதைப் பற்றி. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. ஜிபிஎஸ் சாட்டிலைட் விநாடிக்கு 3.9 கிலோமீட்டர் போகிறது, 3 விநாடி நின்றால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் பின்தங்கும். உன் 9 லட்சம் இங்கே பொருந்தாது.

நிலாப்பிரியை:
உங்கள் பக்கம்தானே அங்கிள் பேசினேன்? அதற்கும் சிவப்பு மையா?

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
பக்கம் பார்த்துக் கணக்குப் போட முடியாது.

பட்டர்வொர்த் மணியம்:
அண்ணாமலை அண்ணன் சனியைப் பற்றிப் பாடம் எடுப்பதுதான் இந்த வருஷத்தின் பெரிய வேடிக்கை. போன நவம்பரில் பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் வாருங்கள், சனியைக் காட்டுகிறேன் என்று ஊரையே கூப்பிட்டார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து வந்தோம். கொசுக்கடி, சேறு, மேகம். மேகம் விலகியதும் வரிசையில் நின்று இவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு மஞ்சள் பொட்டு, குறுக்கே ஊசி மாதிரி ஒரு கோடு. வளையம் எங்கே? என் சின்ன மகள் ‘அப்பா, இது சனியே இல்லை, இவர் வேற எதையோ காட்டுறார்’ என்றாள். வளையத்தையே காட்டத் தெரியாதவர் சாட்டிலைட்டுக்குப் பெயர் கேட்கிறார்.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
மணியம், இதை நீ எத்தனை இடத்தில் சொல்வாய்? எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். சனி ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வர 29.5 வருஷம் எடுக்கிறது. அதில் இரண்டு தடவை அதன் வளையம் நமக்கு நேர் பக்கவாட்டில் வந்துவிடும். 2025 மார்ச் 23 அப்படி ஒரு நாள். நவம்பரிலும் மறுபடி கிட்டத்தட்ட பக்கவாட்டுக்கு வந்தது. முக்கிய வளையங்களின் அகலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2,70,000 கிலோமீட்டருக்கு மேல். தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். பக்கவாட்டில் பார்த்தால் கோடுதான் தெரியும், தோசைக்கல்லா தெரியும்? 1610-ல் கலிலியோ சனியின் இரண்டு பக்கமும் காது மாதிரி எதையோ பார்த்தார், 1612-ல் பார்த்தால் காணோம். அந்த மனுஷனுக்கே ஒன்றும் புரியவில்லை. வளையம் என்று ஹைகன்ஸ் என்கிற டச்சு விஞ்ஞானி விளக்கி எழுதியது 1659-ல். கலிலியோவைத் திணறடித்த காட்சியை உன் மகள் ஓசியில் பார்த்திருக்கிறாள். அடுத்தது 2038-ல்தான். நன்றி சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை.

பட்டர்வொர்த் மணியம்:
இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? அழைப்பில் போட்ட படத்தில் வளையம் தாம்பாளம் மாதிரி ஜொலித்தது. அது காசினி விண்கலம் பக்கத்தில் போய் எடுத்த படம். கோடுதான் தெரியும் என்று தெரிந்தும் அந்தப் படத்தைப் போட்டால் அதற்கு என்ன பெயர்?

செந்தூல் சேகர்:
வளையத்தையே மறைத்துக் காட்டுகிற கிரகத்துக்கு ஒரு சாட்டிலைட்டை நிறுத்துவது பெரிய காரியமா? நீங்களே ஒன்றொன்றாக எடுத்துக் கொடுக்கிறீர்கள் அண்ணே.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
மறைக்கவில்லை ஐயா, பக்கவாட்டில்… சரி விடுங்கள். பெயர்?

கோமளா:
நம்ம மலேசியாவின் சாட்டிலைட் ஒன்று இருந்ததே, அது நின்றதா என்று பார்த்தால் தெரிந்துவிடுமே. சும்மா கேட்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
நல்ல கேள்வி அக்கா. ராசாக்சாட். 2009 ஜூலை 14-ல் ஃபால்கன் 1 ராக்கெட்டில் ஏவினார்கள், 180 கிலோ. நிலநடுக்கோட்டுக்கு வெறும் 9 டிகிரி சாய்வான பாதை. அதாவது வடக்கே 9 டிகிரி, தெற்கே 9 டிகிரி, அதைத் தாண்டி அது போகவே போகாது. பினாங்கு 5.4 டிகிரி, கோலாலம்பூர் 3.1 டிகிரி, இரண்டும் அதற்குள் வந்துவிடும். திருநள்ளாறோ ஏறக்குறைய 10.9 டிகிரி. ஆகவே நம்ம சாட்டிலைட் ஒரு தடவைகூடத் திருநள்ளாறுக்கு நேர் மேலே போனதில்லை. ‘எல்லாச் சாட்டிலைட்டுகளும்’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போச்சு.

செந்தூல் சேகர்:
பார்த்தீர்களா! அந்தப் பக்கமே போகாத மாதிரி பாதை போட்டிருக்கிறார்கள். ஏன்? தெரியாமலா போட்டார்கள்?

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
மலேசியா கிடப்பதே 1 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் நடுவில். நம்ம ஊரை அடிக்கடி படம் எடுக்க அந்தப் பாதை. துருவத்தைச் சுற்றுகிற பாதையில் விட்டால் நம்ம தலைக்கு மேல் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் மேகம் மறைக்கும். இதில் சனீஸ்வரன் எங்கே வந்தார்?

செந்தூல் சேகர்:
அது அவர்கள் வெளியே சொல்கிற காரணம்.

நிலாப்பிரியை:
நிற்கிற சாட்டிலைட்டும் உண்டு. நம் வீட்டு டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் மீசாட், 91.5 டிகிரி கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கிறது. பூமி சுற்றுகிற அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்றுச் சுற்றுவதால் நமக்கு நிற்பது போலத் தெரியும். அதனால்தான் டிஷ்ஷை ஒரே பக்கம் திருப்பி முடுக்கிவிட்டுப் போகிறார்கள். அதற்குக் கீழே இருப்பது கடல், கோயில் எதுவும் இல்லை.

செந்தூல் சேகர்:
நன்றி தங்கச்சி. நிற்கிற சாட்டிலைட் உண்டு என்று உங்கள் ஆளே ஒப்புக்கொண்டுவிட்டாள். அண்ணாமலை அண்ணன் முதல் வரியில் என்ன எழுதினார்? ‘நிற்காது, விழும்.’ இப்போது என்ன சொல்கிறார்?

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
நிலா! உன்னை யார் இதைக் கேட்டார்கள்? மீசாட் விநாடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நிற்கவில்லை.

நிலாப்பிரியை:
நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். ‘நிற்பது போல.’ படிக்காமல் திட்டினால் என்ன செய்வது? இங்கே பெரியவர்கள் பேசும்போது சின்னவள் பேசக் கூடாது என்றால் சொல்லிவிடுங்கள், போய் அசைன்மென்ட்டைப் பார்க்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வரதன்:
அடிப்படையையே விட்டுவிட்டு அடித்துக்கொள்கிறீர்கள். மார்ச் 6 சனிப்பெயர்ச்சி என்று அண்ணாமலை எழுதியிருக்கிறார், ஒருவர்கூடத் திருத்தவில்லை. அது வாக்கியக் கணக்கு. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குள் போனது 2025 மார்ச் 29. ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிறது. தவறான தேதியில் விளக்கு ஏற்றிவிட்டுப் பலன் இல்லை என்று புலம்புவார்கள்.

செந்தூல் சேகர்:
வரதன் ஐயா, திருநள்ளாறு கோயிலே வாக்கியப் பஞ்சாங்கம்தான் பார்க்கிறது. போன வருஷம் மார்ச் 29 பெயர்ச்சி கிடையாது, 2026-ல்தான் என்று கோயிலே அறிவித்தது. சனி பகவான் வீட்டிலேயே மார்ச் 6 என்கிறார்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்துகொண்டு நீங்கள் மாற்றுவீர்களா?

பிரிக்ஃபீல்ட்ஸ் வரதன்:
வானத்தில் சனி எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திருத்திப் போட்ட கணக்கு திருக்கணிதம். வாக்கியம் பழைய வாய்பாடு. சனி ராசிக்கு இரண்டரை வருஷம் நிற்கிற மெதுவான கிரகம், சில டிகிரி பிசகினாலே மாதக் கணக்கில் தள்ளிப் போகும். 2023-லும் இதே கூத்துதான், திருக்கணிதத்துக்கு ஜனவரி 17, வாக்கியத்துக்கு டிசம்பர் 20. அண்ணாமலை விஞ்ஞானம் பேசுகிறவர், வாக்கியத் தேதியை எடுத்தது ஏன்?

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
சேகர் போட்ட தேதியை எழுதினேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மார்ச் 6 சாயங்காலம் சனி சூரியனுக்குப் பக்கத்தில், அந்தி வெளிச்சத்தில் முங்கிக் கிடக்கும், சரியாகப் பார்க்கக்கூட முடியாது. ஆனால் வரதன் ஒரு நல்ல காரியம் செய்தார். சேகர், சொல்லுங்கள், சாட்டிலைட் எந்தப் பஞ்சாங்கம் பார்த்து நிற்கிறது? வாக்கியமா, திருக்கணிதமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் வரதன்:
என் பெயரை உங்கள் கிண்டலுக்குப் பயன்படுத்த வேண்டாம். நான் சாட்டிலைட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செந்தூல் சேகர்:
அது எல்லா நாளும் நிற்கிறது. பெயர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரி, நம்ம ஆள் ஒருவர் மேலேயே போய் வந்திருக்கிறார், 2007-ல் ஷேக் முஸாஃபார். அவர் மறுத்தாரா?

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
வசமாக வந்தீர்கள். அவர் 2007 அக்டோபர் 10-ல் பைக்கனூரிலிருந்து சோயூஸில் போய் 21-ல் திரும்பினார். அவர் தங்கிய விண்வெளி நிலையம் 51.6 டிகிரி சாய்வான பாதையில் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். ஆகவே அது திருநள்ளாறு இருக்கிற அட்சத்தை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை கடக்கும், ஊருக்கு மேலேயும் அவ்வப்போது வரும். விநாடிக்கு 7.6 கிலோமீட்டரில் போகிற வண்டி சட்டென்று நின்றால் உள்ளே இருக்கிற மனுஷன் என்ன ஆவார்? நோன்புப் பெருநாளுக்கு அவர் கொண்டுபோன சாத்தேயும் அவரும் சேர்ந்து சுவரில் ஒட்டியிருப்பார்கள். பத்திரமாக வந்து சேர்ந்தார் அல்லவா? அதுதான் மறுப்பு.

பட்டர்வொர்த் மணியம்:
அந்தப் பயணமே 18 சுக்கோய் விமானம் வாங்கியதற்கு ரஷ்யா கொடுத்த இலவச டிக்கெட். அதை ஏதோ நாமே ராக்கெட் விட்ட மாதிரி பேசுகிறீர்கள்.

கோமளா:
இலவசமோ இல்லையோ, விண்வெளிக்குப் போக விண்ணப்பித்த ஆயிரக்கணக்கான பேரில் கடைசி நாலு பேருக்குள் வனஜா என்கிற நம்ம பொண்ணு வந்தாள். அதை ஏன் யாரும் சொல்வதில்லை? அந்த நாலு பேரில் ஒரே பெண் அவள்தான்.

பட்டர்வொர்த் மணியம்:
வந்தார், அனுப்பவில்லையே அக்கா.

கோமளா:
அனுப்பாதது அவள் குற்றமா? நீ எந்த நாலு பேருக்குள் வந்தாய் மணியம்? பாலம் தாண்டி வந்ததையே சாதனையாக எழுதிக்கொண்டிருக்கிறாய்.

செந்தூல் சேகர்:
அக்கா சொன்னது சரி. பெயர் பெயர் என்று கேட்கிற அண்ணனும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
திசை திருப்பாதீர்கள். ஸ்ரீஹரிகோட்டா திருநள்ளாறிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இந்தியர்களே சாட்டிலைட் ஏவுகிறார்கள். தங்கள் வீட்டு வாசலில் 3 விநாடி நிற்பது அவர்களுக்குத் தெரியாமல், அமெரிக்காவில் இருக்கிற நாசாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கருநீலக் கதிர் வேறு. சனி நம்மிடமிருந்து 120 கோடி கிலோமீட்டருக்குக் குறைந்து வருவதே இல்லை. அத்தனை தூரத்திலிருந்து வருகிற கதிர், பக்கத்தில் இருக்கிற காரைக்காலை விட்டுவிட்டுக் கோயில் கோபுரத்தை மட்டும் குறிபார்த்து விழுமா? பூமியும் சும்மா இருக்கிறதா, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாதி நாள் சனி அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். அப்போது கதிர் பூமியைத் துளைத்துக்கொண்டா வரும்?

செந்தூல் சேகர்:
இத்தனை எழுதினீர்களே, நாசாவின் மறுப்பு ஒரு வரி காட்டினீர்களா? இல்லை. எனக்கு அது போதும்.

நிலாப்பிரியை:
அங்கிள், 120 கோடி என்பது சனி ரொம்பப் பக்கத்தில் வரும்போது. இந்த மாதம் அது சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, 150 கோடிக்கு மேல் இருக்கும். பக்கம் பார்த்துக் கணக்குப் போட முடியாது, பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
‘குறைந்து வருவதே இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். தமிழ் தெரியும்தானே?

நிலாப்பிரியை:
வணக்கம். போகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வரதன்:
வாக்கியத் தேதிக்கு இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
வருகிற சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அதே இடம். இந்த மாதம் வியாழன் உச்சியில் நிற்கிறது, நாலு பெரிய நிலாக்களும் தெரியும். சேகரும் வரலாம், வெறும் வாய்ப்பேச்சுக்குப் பதிலாகக் கண்ணால் பார்க்கட்டும். மணியம், உன் மகளைக் கூட்டிவா.

செந்தூல் சேகர்:
சனிக்கிழமை எனக்கு விரதம்.

பட்டர்வொர்த் மணியம்:
வியாழனில் பட்டை தெரியுமா, பொட்டு மட்டும்தானா? இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். காசினி படம் எல்லாம் வேண்டாம், உங்கள் கருவியில் என்ன தெரியுமோ அது.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:
இரண்டு பட்டை தெரியும். மேகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

பட்டர்வொர்த் மணியம்:
மேகத்துக்கு உங்களைப் பொறுப்பாக்கவில்லை அண்ணே. பட்டை தெரியாவிட்டால் பாலத்து டோல் காசு உங்கள் தலையில், போன நவம்பரையும் சேர்த்து.