4 ஆண்டுகளாக ஏமாற்றும் நிஷாகந்தி: மொட்டுகள் ஏன் உதிர்கின்றன?

கேள்வி:
வணக்கம். பலரும் பிரம்ம கமலம் என்று அழைக்கும் நிஷாகந்தியை, அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஓர் இலையை ஊன்றி, தாம்பரத்தில் கிழக்குப் பார்த்த பால்கனியில் 4 ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். தொட்டியில் செம்மண்ணும் தொழுவுரமும் சரிபாதி. 15 நாட்களுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். செடி செழிப்பாகவே இருக்கிறது. சாட்டைபோல் நீண்டு கம்பிக்கு வெளியே தொங்கும் தண்டுகளை மட்டும் வெட்டிவிடுவேன். சென்ற ஆண்டு முதன்முறையாக 2 மொட்டுகள் வந்தன. மலர்வதை அருகிலிருந்து பார்க்கும் ஆசையில் தொட்டியைக் கூடத்துக்குள் எடுத்து வைத்தேன். சுண்டுவிரல் நீளம் வளர்ந்தபின் இரண்டும் மஞ்சளாகி விழுந்துவிட்டன. தவறு எங்கே?

மறுமொழி 1:
நீங்கள் ஊன்றியது இலையன்று, தட்டையான தண்டு. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மரக்கிளைகளைப் பற்றி வளரும் கள்ளிக் குடும்பச் செடி இது; உத்தராகண்டின் மாநில மலரான இமயமலைப் பிரம்ம கமலமோ சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர்க் குழப்பத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மரத்தின் மேல் வாழ்வதற்குப் பழகிய வேருக்குக் காற்றோட்டம் வேண்டும், இறுகிய செம்மண் ஆகாது. தென்னை நார்க்கழிவும் அடுப்புக்கரித் துண்டுகளும் கலந்து, மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். அடுத்து, பூ முதிர்ந்த தட்டைத் தண்டின் விளிம்பில்தான் அரும்பும். நீங்கள் வெட்டும் சாட்டைகளின் மேற்பகுதியிலிருந்துதான் அத்தட்டைத் தண்டுகள் கிளைக்கின்றன. ஆகவே, பூவை ஆண்டுதோறும் நீங்களே வெட்டியிருக்கிறீர்கள்! மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றவே கூடாது. வெளிச்சமும் ஈரமும் திடீரென மாறினால் அது உதிர்ந்துவிடும்.

மறுமொழி 2:
வெட்டியதைக் காட்டிலும் புண்ணாக்கின் மீதே எனக்குச் சந்தேகம். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி தண்டாகவே பெருகும். அதைச் சில மாதங்கள் நிறுத்தி, சாம்பல் சத்துள்ள (பொட்டாசியம்) உரத்தைச் சிறிதளவு இட்டுப் பாருங்கள். அவசரப்பட்டுப் பெரிய தொட்டிக்கும் மாற்றாதீர்கள். வேர் சற்று நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும்.

கேட்டவர் (11 மாதங்களுக்குப் பின்):
இருவருக்கும் நன்றி. மண்ணை மாற்றினேன், புண்ணாக்கை நிறுத்தினேன், கத்தரியைத் தொடவில்லை. இவற்றில் எது பலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. கீழ்நோக்கித் தொங்கிய ஒற்றை மொட்டின் காம்பு மெல்ல மேல்நோக்கி வளைந்து, நேற்றிரவு 8 மணிக்கு நுனி பிளந்தது. நள்ளிரவில் உள்ளங்கையை விடப் பெரிதாக விரிந்து, கூடம் வரை மணந்தது, விடிவதற்குள் துவண்டுவிட்டது. இன்னொன்றும் இன்றுதான் தெரிந்தது: நான் 3 ஆண்டுகளுக்கு முன் வெட்டி எறிந்த தண்டுகளைக் கீழ்வீட்டு அம்மா எடுத்துத் தம் தொட்டியில் ஊன்றியிருந்தாராம். அவருடைய செடியில் இப்போது 5 மொட்டுகள்.