காசுக்கு இல்லாமல் ஆசைக்குத் தைக்கிறவர்கள் கொஞ்சம் எழுதுங்கோ

உவர்மலையில் இருந்து:

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை என் கையில் இருந்த தலையணை உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ரி, இதை விற்றால் நல்ல காசு வரும், ஒரு பேஜ் திறந்து தரட்டா?" என்று கேட்டாள். நல்ல மனதோடு கேட்டாள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சின்ன வயதில் இருந்தே யாராவது ஒருவர் இதை என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் ஒருநாளும் விற்றதில்லை. அளவு கொடுத்தவர் வந்து வாசலில் நிற்பார் என்ற அவசரம் இல்லாமல், பிடித்த நிறத்தை எடுத்து, பிடிக்காவிட்டால் பிரித்து, ஒரு பூவுக்கு மூன்று நாள் செலவழித்துத் தைப்பதுதான் எனக்குச் சந்தோசம். அப்படி இருக்கிறவர்கள் நம்முடைய திருகோணமலையிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் கதையைக் கேட்க ஆசை. முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு ஊசி கைக்கு வந்தது 1964 மார்கழிச் சூறாவளிக்குப் பிறகு. ஏழு வயது. எங்கள் வீட்டுக் கூரை போய், பெட்டிக்குள் இருந்த உடுப்பெல்லாம் சேற்றில் புரண்டு கிடந்தது. அம்மம்மா எல்லாவற்றையும் கிணற்றடியில் அலசிக் காயவைத்து, கிழிசல்களை மட்டும் ஒரு பக்கம் குவித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "நூலை உன்ர முழங்கை மட்டும் எடு, அதுக்கு மேல எடுத்தா சிக்கு விழும்" என்பதுதான் முதல் பாடம். ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டுகிற நூலோட்டம் மட்டும்தான், ஒவ்வொரு தையலும் ஒரு அரிசி நீளம். நான் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார், முடிச்சு எங்கே, நூல் எங்கே தாண்டிப் போயிருக்கிறது என்று. இன்றைக்கும் யாராவது பூவேலை செய்த துணியை என்னிடம் தந்தால் கை தன்பாட்டில் அதைப் புரட்டுகிறது.

பிறகு பள்ளிக்கூடம், மனைப்பொருளியல். சங்கிலித் தையல், காம்புத் தையல் எல்லாம் அங்கேதான் படித்தேன். கால் மெசினைத் தொட விடுவதற்கு முன் ரீச்சர் ஒரு மாதம் நூல் இல்லாமலே மிதிக்க விட்டார். கோடுபோட்ட கொப்பித் தாளை ஊசிக்குக் கீழே வைத்து, கோட்டின் மேலேயே துளை விழ வேண்டும், விலகினால் திரும்ப முதலில் இருந்து. கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் கால் மெசினில் கஷ்டமே அந்த முதல் மிதிதான். கைச்சில்லு நம் பக்கமாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் போனால் நூல் அறுந்து, கீழ்நூல் சுற்றியிருக்கிற பொபினுக்குள் சுருண்டுவிடும். அந்தச் சில்லைக் கையால் லேசாகத் தட்டிவிட்டு அதே நொடியில் காலை அழுத்துகிற பழக்கம் தாளில்தான் வந்தது.

வீட்டில் அம்மாவின் சிங்கர் இருந்தது, தவணைக்கு எடுத்தது. (சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்ததே 1877இல், அதனால் எங்கள் தலைமுறையில் கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூப்போட்ட அந்த மெசினைப் பார்க்காதவர்கள் குறைவு.) அதற்குள் நான் ஒருமுறை தேங்காயெண்ணெய் விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மாரி தொடங்கி குளிர் வந்ததும் எண்ணெய் பிசினாக இறுகி, சில்லு அசையவே இல்லை. அம்மா ஏசவில்லை. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு, சில்லை முன்னும் பின்னும் ஆட்டி, வழிந்த கறுப்பைத் துடைத்துத் துடைத்து இரண்டு நாளில் திருப்பி ஓட வைத்தார். மெசின் எண்ணெய் போத்தல் இன்றும் என் லாச்சியில் முதலில் இருக்கும்.

கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று ஓடின காலத்தில் தையல் குறைந்தது, ஆனால் விடவில்லை. ஊரடங்கு நாட்களில் மின்சாரமும் இருக்காது, குப்பி விளக்கு வெளிச்சத்தில் கைவேலை மட்டும்தான் முடியும். அப்படி ஒரு மயில் தைத்தேன். விடிந்து பார்த்தால் கழுத்தில் கடும் நீலத்துக்கு நடுவே கறுப்பு நூல் கலந்திருக்கிறது, விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பிரிக்க ஊசியை எடுத்தேன், பிறகு மனம் வரவில்லை. அந்த மயில் இப்போதும் மேசை விரிப்பில் இருக்கிறது. அந்தக் கறுப்பைப் பார்த்தால் அந்த இரவு எங்கே இருந்து தைத்தேன், யார் பக்கத்தில் படுத்திருந்தார்கள் என்பதுகூட நினைவுக்கு வரும்.

இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. நூல் கோர்க்க நான் செய்வது, நூல் நுனியைச் சரிவாக வெட்டிக்கொண்டு ஊசிக் கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிப்பது. அவ்வளவுதான், கண் பளிச்சென்று தெரியும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டின நேரம், மருமகளின் கரண்ட் மெசின் மூடிக் கிடந்தது. அம்மாவின் கால் மெசின் யன்னலோரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெக்கையில் பேத்திக்கு இரண்டு பருத்திக் கவுன் தைத்து முடித்தேன்.

கிண்ணியாவில் இருந்து:

அக்கா, வாசித்துவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தேன். எனக்கு மெசின் வராது, கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற குறோசே மட்டும்தான். உம்மா பழக்கினது. 2009இல் பாலம் திறக்கும்வரைக்கும் நூல் வாங்க டவுனுக்குப் போவதென்றால் பாதையில், அதுதான் தண்ணீரைக் கடக்கிற மிதவையில், ஏறிப் போக வேண்டும், அதனால் ஒரு நூலுருண்டையைக்கூட நாங்கள் வீணாக்கியதில்லை. தொப்பிதான் நான் அதிகம் பின்னினது. நடுவில் சின்ன வளையம் போட்டு, சுற்றுக்குச் சுற்று கண் கூட்டிக்கொண்டு போய், உச்சந்தலை அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் தன்பாட்டில் சுவர் மாதிரிக் கீழே இறங்கத் தொடங்கும். அந்த இடம் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோசமாக இருக்கும், தட்டையாக இருந்த ஒன்று தொப்பியாக மாறுகிற இடம்.

ஒருமுறை கடையொன்று கேட்டு ஐம்பது தொப்பிக்கு ஒத்துக்கொண்டேன். இருபதாவதில் கை நோவு, முப்பதாவதில் ஊசியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காசும் சொன்னபடி வரவில்லை. கொடுத்து முடித்துவிட்டு ஒரு வருசம் நூலைத் தொடவில்லை அக்கா. வாப்பாவுக்கென்று வெள்ளையில் ஒன்று தொடங்கினபோதுதான் திரும்ப வந்தது. அவர் அதைப் பெருநாளுக்கு மட்டும் போடுவார், மற்ற நாள் மடித்து அலுமாரியில்.

டவுனில் இருந்து, ஒரு பழைய தையல்காரர்:

தங்கச்சிமாருக்கு வணக்கம். நான் நாற்பது வருசம் காசுக்குத் தைத்தவன், அதனால் ஒரு சொல் சொல்ல வேண்டும். காசுக்குத் தைப்பதில் ஆசை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளை முதல் நாள் வேலைக்குப் போகிறதற்கு நான் தைத்த களிசானையும் சேட்டையும் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோசத்துக்கு விலை வைத்து நான் கூலி வாங்கவில்லை. ஆனால் கிண்ணியாத் தங்கச்சி சொன்னதும் உண்மை. தீபாவளி, வருசப்பிறப்பு என்றால் இரவு இரண்டு மணிவரை பொத்தான் ஓட்டை தைத்த காலத்தில் ஊசி எனக்கும் எதிரிதான்.

கடையை விட்ட பிறகு வெட்டுத்துண்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கினேன். மூட்டை மூட்டையாக இருந்தது. ஒவ்வொரு துண்டும் யாருடைய சேட்டு என்று எனக்குத் தெரியும், சிலர் இப்போது உயிரோடு இல்லை. பேரப்பிள்ளை ஒன்று பிறந்தால் ஒரு போர்வை, இதுவரை ஐந்து.

ஊசி பற்றி ஒன்று. பெட்டியில் 90/14 என்று போட்டிருப்பார்கள், 90 என்றால் தடிப்பு 0.9 மில்லிமீற்றர். இரண்டாவது இலக்கத்தைப் பார்த்து வாங்குவதென்றால், மெல்லிய வொயிலுக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, டெனிமுக்கு 16. மெல்லிய துணியில் தையல் சுருங்கினால் முதலில் மெசினைக் குற்றம் சொல்லாதீர்கள், ஊசியை மாற்றிப் பாருங்கள். நம்முடைய ஊர் உப்புக்காற்றுக்கு ஊசி சீக்கிரம் கறள் பிடிக்கும், கறள் ஊசி நூலை அறுக்கும். எண்ணெய் தடவின துணியில் சுற்றி மூடின டின்னுக்குள் வையுங்கள்.

நிலாவெளியில் இருந்து:

எனக்குத் தைக்கத் தெரியாது. அம்மாவின் மெசின் 2004 மார்கழி 26 சுனாமியில் கடலோடு போய், மணலுக்குள் புதைந்து மூன்றாம் நாள் கிடைத்தது. மேசை இல்லை, தலை மட்டும்தான். அம்மா வேறு எதையும் தேடவில்லை, அதை நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டே இருந்தார். பொன்னிறப் பூவெல்லாம் உரிந்துவிட்டது. புது மேசை போட்டு அதே மெசினில்தான் போன வருசம்வரை தைத்தார். அம்மா இப்போது இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. இனிமேல் பழகலாமா என்று கேட்கத்தான் எழுதினேன்.

உவர்மலையில் இருந்து:

ஐயா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் போர்வையை ஒருநாள் பார்க்க வேண்டும். பின்பக்கத்தையும் பார்ப்பேன், கோபிக்கக் கூடாது.

நிலாவெளித் தங்கச்சி, அந்த மெசினை மூடி வைக்காதேங்கோ, ஓடாமல் கிடந்தால்தான் இறுகும். நான் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். முதல் மாதம் என் மெசினில் மிதித்துப் பழகலாம், பிறகு உங்கள் அம்மாவுடையதை நாங்கள் இரண்டு பேருமாகத் திறந்து எண்ணெய் விடுவோம். துணி, நூல் ஒன்றும் வேண்டாம். கோடுபோட்ட கொப்பி ஒன்று மட்டும் கொண்டு வாங்கோ.