பேட்மேன் அனிமேட்டட் தொடர் (1992): பழைய டிவிடியை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி?

தேன்சிட்டு: 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' அமெரிக்க டிவிடி பெட்டி கைவசம் இருக்கிறது. 55 அங்குல டிவியில் பேட்மேன் குண்டாகத் தெரிகிறார். சண்டைக் காட்சிகளில் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கீறுகிறது. இருட்டுக் காட்சிகளில் கரி அப்பியது போல இருக்கிறது. செட்டிங்ஸில் சரியாகுமா, புளூ-ரேதான் வழியா? எந்த வரிசையில் பார்ப்பது?

ராத்தூக்கம்: குண்டு விஷயம் எளிது. தொடர் 4:3 அளவு (அகலம் 4 என்றால் உயரம் 3). 16:9 திரை முழுக்க இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். டிவியில் 4:3 போடுங்கள். பிளேயர் எச்டிஎம்ஐ வழியாக 1080பி அனுப்பினால் சில டிவிகளில் அந்தத் தெரிவே வராது. அப்போது பிளேயரின் அவுட்புட்டை 480பி-க்கு இறக்கிவிட்டுத் தேடுங்கள்.

சீப்புப் பல்லுக்குக் காரணம் வேறு. ஃபிலிமில் நொடிக்கு 24 பிரேம். அமெரிக்க டிவிடி கிட்டத்தட்ட 30. நாலை ஐந்தாக நீட்டும்போது, ஐந்தில் இரண்டு பிரேம்கள் அடுத்தடுத்த இரு படங்களின் கலவையாகிவிடும். கணினியில் விஎல்சி (வீடியோ பிளேயர் மென்பொருள்) என்றால் டீஇன்டர்லேஸை (சீப்புப் பல் கீறலை நீக்கும் வசதி) ஆன் செய்து, மோடில் 'ஃபிலிம் என்டிஎஸ்சி (ஐவிடிசி)' எடுங்கள். 'பிளெண்ட்' வேண்டாம், கீறல் போய் பேய் நிழல் வரும்.

கரிக்கோடு: இருட்டைப் பற்றி. இந்தத் தொடரின் பின்னணிகளை வெள்ளைத் தாளில் அல்ல, கறுப்புத் தாளில் தீட்டினார்கள். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ராடம்ஸ்கியின் யோசனை. கதை நடக்கும் கோத்தம் நகரமே கறுப்பிலிருந்து எழுந்து வரும். டிவியின் 'விவிட்' மோடும் டைனமிக் கான்ட்ராஸ்டும் அந்த மெல்லிய நிறங்களைத்தான் முதலில் விழுங்கும். 'மூவி' மோடுக்கு மாறுங்கள். அப்படியும் கரியாக இருந்தால் எச்டிஎம்ஐ பிளாக் லெவலை (கறுப்பு எந்த அளவில் தொடங்குகிறது என்ற அமைப்பு, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்) பாருங்கள்: பிளேயர் 'லிமிடெட்', டிவி 'ஃபுல்' என்றால் படம் வெளிறும், தலைகீழாக இருந்தால் நிழல் விவரம் மொத்தமும் போய்விடும். மோஷன் ஸ்மூத்திங்கை (இடையிடையே டிவியே பிரேம்களைச் செருகும் வசதி) அணைப்பது கட்டாயம். கையால் வரைந்த அசைவுக்கு அது எதிரி.

ராத்தூக்கம்: வரிசைக்கு டிவிடியில் உள்ளபடியே போகலாம், அது ஏறக்குறைய தயாரிப்பு வரிசை. முதலில் 'ஆன் லெதர் விங்ஸ்'. ஒளிபரப்பில் 1992 செப்டம்பர் 5 அன்று முதலில் வந்தது 'தி கேட் அண்ட் தி கிளா' முதல் பாகம். பெரும்பாலும் தனிக்கதைகள், முன்பின் ஆனாலும் குழப்பமில்லை.

ஓவியத் தரம் ஏறி இறங்கினால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். வெவ்வேறு ஸ்டுடியோக்கள் அனிமேஷன் செய்தன. 'ஃபீட் ஆஃப் கிளே' முதல் பாகம் கொரியாவின் ஏகாம், இரண்டாம் பாகம் ஜப்பானின் டிஎம்எஸ். களிமண் வில்லன் கிளேஃபேஸ் உருகி உருமாறும் இரண்டாம் பாகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தானே தெரியும்.

தேன்சிட்டு: அப்படியானால் 2018 புளூ-ரே அவசியமில்லையா?

கரிக்கோடு: டிவி பெரிது, வாங்கினால் பலன் தெரியும். பிரேம் கலவை இல்லை, கோடுகள் கூர்மை. 85 எபிசோடுகளோடு, பின்னால் வந்த தொடர்ச்சியின் 24 எபிசோடுகளும் சேர்த்து 109. ஆனால் படத்தில் தூசிப் புள்ளிகள் தெரியும். படம் தீட்டிய செல்லுலாய்டு தாளில் ஒட்டியிருந்த தூசி கேமராவிலேயே பதிந்தது அது. அதைப் போக்க டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஏற்றினால் மைக்கோடும் சேர்ந்து மழுங்கும். வாங்குமுன் உறையின் பின்பக்கம் ரீஜன் குறியை (எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்ற குறி) பாருங்கள். இந்தியப் பிளேயர்கள் புளூ-ரேக்கு ரீஜன் சி, டிவிடிக்கு 5.