'பைட் தி புல்லட்': தாங்குவதா, துணிவதா?

மலர்விழி:
காய்ச்சலில் முனகாமல் படுத்துக் கிடந்ததை 'ஐ பிட் தி புல்லட்' ('குண்டைக் கடித்தேன்') என்று ஆங்கில மரபுத்தொடரில் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே அது பொருந்தாது என்றேன், சண்டைக்கு வருகிறார். உங்கள் கருத்து?

கருவேலன்:
ஏன் பொருந்தாது? மயக்க மருந்து இல்லாத காலத்தில் காலை அறுக்கும்போது சிப்பாய் வாயில் ஈயக் குண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். வலியைத் தாங்குவதுதானே அது?

அகராதிப்பித்தன்:
கதை ஜோர், ஆதாரம்தான் சோகை. மல்லாந்து கிடப்பவன் வாயில் குண்டைப் போட்டால் தொண்டையில் இறங்கிவிடாதா? எழுத்தில் இருப்பது வேறு. பிரான்சிஸ் குரோஸின் கொச்சைமொழி அகராதி, 1796 பதிப்பைப் பாருங்கள். சாட்டையடியில் அலறும் சிப்பாய்க்கு 'நைட்டிங்கேல்' என்று கேலிப்பெயர். அந்தப் பெயர் வாங்கக் கூடாதென்று குண்டை மென்றபடி அடி வாங்குவார்களாம்.

சும்மா ஒருவன்:
1857 சிப்பாய்க் கலகத்துல, பல்லால கடிக்கச் சொன்ன என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவை விட்டுட்டீங்களே!

அகராதிப்பித்தன்:
பல்லால் கிழித்தது காகித உறையை, குண்டை அல்ல. தவிர, 1857 வருவதற்குள் குரோஸின் அந்தப் பதிப்புக்கு அறுபது வயது.

கருவேலன்:
சாட்டையடி என்றே வைத்துக்கொள்வோம். கட்டிவைத்து அடிக்கும்போது அவனுக்கு வேறு வழி ஏது? தாங்கத்தான் செய்தான். என் கட்சிதான் பலமாகிறது.

மலர்விழி:
பிறப்பு அப்படி. 1891-இல் வந்த கிப்ளிங் நாவலில் 'பைட் ஆன் தி புல்லட்' என்று வருவதும் உங்கள் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அதைச் சொல்கிறவர்கள் எங்கே சொல்கிறார்கள்? நாள் கடத்திக்கொண்டே இருந்த பல்லை ஒருவழியாகப் பிடுங்கப் போகும்போது. போகாமலும் இருந்திருக்கலாம், போகிறார், அதுதான் விஷயம். தானாக வந்த காய்ச்சலில் என்ன முடிவெடுத்தார் அந்த மனிதர்? அதற்குப் 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்று நம்மிடமே இருக்கிறது.

கருவேலன்:
கேம்பிரிட்ஜ் அகராதி கஷ்டத்தில் தைரியமாக இருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. நீங்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

மலர்விழி:
பிடிக்காததைச் செய்யத் தன்னைக் கட்டாயப்படுத்திக்கொள்வதைத்தானே முதலில் சொல்கிறது? புதிதாகக் கற்பவருக்கு நான் அதைத்தான் சொல்லித் தருவேன்.

சும்மா ஒருவன்:
சம்பளத்தைக் குறைச்சிட்டு 'வீ ஹேவ் டு பைட் தி புல்லட்'னு மேலதிகாரி மின்னஞ்சல் அனுப்புறாரே, அது எந்தக் கணக்கு? முடிவு அவரோடது, குண்டு எங்க வாயில.

அகராதிப்பித்தன்:
அதற்குப் பொருள் குரோஸிடமே இருக்கிறது.