பத்து வருடம் எந்தத் தேதியிலிருந்து?

பதிவறை மாமா:
"2013-ல் ஊருணி ஆக்கிரமிப்பு பற்றி மனு கொடுத்தேன். பத்து வருடம் முடிந்ததால் 2023-ல் கோப்பைச் சட்டப்படி அழித்துவிட்டார்கள்" என்று செக்காலைச் சீனி நேற்று எழுதியிருந்தார். சட்டப்படியாம்! தாலுகா பதிவறையில் முப்பது வருடம் தூசி தின்றவன் சொல்கிறேன், பத்து வருடக் கணக்கு மனு கொடுத்த நாளிலிருந்து ஓடாது. இறுதி உத்தரவு போட்டுக் கோப்பை முடித்த தேதியிலிருந்துதான் ஓடும்.

செக்காலைச் சீனி:
கோப்பு எண்ணிலேயே 2013 என்று இருக்கிறது ஐயா. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

பதிவறை மாமா:
அது கோப்பு பிறந்த வருடம். நான் கேட்பது அது முடிந்த தேதி. கோப்பை முடிக்கும்போது எத்தனை காலம் வைத்திருப்பது என்று ஒரு குறி போடுவோம்: ஓ.மு. (ஓராண்டு முடிவு) என்று போட்டால் ஒரு வருடம், மூ.மு. மூன்று, ப.மு. பத்து, நி.மு. என்றால் நிரந்தரம். எழுத்தர் எழுதி வைப்பார், அதிகாரி ஒப்புதல் கொடுத்தால்தான் அது முடிவு. உம் மனுவுக்கு 2019-ல் உத்தரவு வந்து ப.மு. போட்டிருந்தால் 2029 வரை அதில் யாரும் கை வைக்க முடியாது.

செக்காலைச் சீனி:
எண்ணில் 2013. மறுபடியும் சொல்கிறேன், 2013.

கொப்புடையான்:
ஏன் சண்டை? 1993-ல் வந்த பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. விதி மீறி அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை. 1892-க்கு முந்தைய ஆவணத்தை, உபயோகமில்லாத அளவுக்குச் சிதைந்திருந்தால் ஒழிய, தொடவே கூடாது.

பதிவறை மாமா:
வந்துவிட்டார் வக்கீல்! அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் போட்ட சட்டம் தம்பி. நம்மூர்த் தாலுகா ஆபீசை அதை வைத்து மிரட்ட முடியாது. இங்கே மாவட்ட அலுவலக நடைமுறை நூல்தான் வேதம்.

கொப்புடையான்:
அந்த வேதத்தை ஓதியவர்கள் பதிவறையில் தூங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறோம்.

பதிவறை மாமா:
யார் தூங்கியது? சிவப்புத் துணிக் கட்டை அவிழ்த்தால் ராமபாணப்பூச்சி கை மேல் ஊரும். டேக் கயிறு இற்றுப்போயிருக்கும். ஒவ்வொரு கோப்பாகப் புரட்டி, இதில் வழக்கு நிலுவை உண்டா, மேல்முறையீடு உண்டா என்று பார்த்துத்தான் அழிப்புப் பட்டியல் எழுதுவோம். 1985-ல் சிவகங்கை தனி மாவட்டமானபோது ராமநாதபுரத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பட்ட பாடு உமக்கென்ன தெரியும்?

வளவு வீட்டு மகள்:
மாமா, முப்பது வருட சர்வீஸ் என்றீர்கள், 1985 கதையும் சொல்கிறீர்கள். எப்போது ஓய்வு பெற்றீர்கள்?

பதிவறை மாமா:
அது இங்கே பேச்சு இல்லை. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் ஆச்சிமார், முதலில் உங்கள் வீட்டுப் பெட்டக அறையைப் பாருங்கள். ரங்கூன் வட்டிக்கடைப் பேரேடு, ஐந்தொகை, கல்யாண ஒப்பந்தம் எழுதிய இசைகுடிமானம் எல்லாவற்றையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டவர்கள் நீங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்குப் போனால் தாத்தா கையெழுத்து விலைக்குக் கிடைக்கிறது.

வளவு வீட்டு மகள்:
எங்கள் வீட்டுக் காகிதம், எங்கள் இஷ்டம். அதற்கு யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. ஊருணி ஊருக்குச் சொந்தம், அந்தக் கோப்பும் அப்படித்தான். அப்புறம், இசைகுடிமானத்தை யாரும் விற்கவில்லை. தெரியாமல் பேசாதீர்கள்.

பதிவறை மாமா:
நான் கண்ணால் பார்த்தேன்.

செக்காலைச் சீனி:
ஊருணியை விட்டுவிட்டு ரங்கூன் போய்விட்டீர்களே! கோப்பு அழிக்கப்பட்டது என்று எனக்கு எழுத்தில் பதில் வந்திருக்கிறது. பத்து வருடம் என்று அதில் இருக்கிறது.

பதிவறை மாமா:
எந்தத் தேதியிலிருந்து பத்து? அதைப் போட்டிருக்கிறார்களா? அழிப்புப் பட்டியலின் நகல் கேளும். அதிகாரி கையெழுத்து அதில் இருக்கும்.

செக்காலைச் சீனி:
கேட்டேன். அந்தப் பட்டியலும் காணவில்லையாம்.

பதிவறை மாமா:
அப்படியானால் அழிக்கவில்லை, தொலைத்திருக்கிறார்கள். தகவல் தர மறுக்கலாம் என்று விலக்குகளைச் சொல்லும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் 'காணவில்லை' என்று ஒரு விலக்கு கிடையாது. நான் முதலிலேயே சொன்னேன்.

செக்காலைச் சீனி:
நீங்கள் சொன்னது தேதிக் கணக்கு. தொலைந்தது என்று நீங்கள் எங்கே சொன்னீர்கள்? எண்ணில் 2013 என்றுதான் இருக்கிறது.

பதிவறை மாமா:
முடித்த தேதி என்ன? அதைச் சொல்லும்.

வளவு வீட்டு மகள்:
மாமா, ஓய்வு பெற்ற வருடம்?